1866-ல் ஆஸ்திரியாவை வீழ்த்திய பிறகும் பிஸ்மார்க் ஏன் வியன்னாவுக்குள் நுழையவில்லை?

அன்று ஜெர்மனி பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றின் தலைமைக்காக ஆஸ்திரியாவோடு மோதிய பிரஷ்யாவின் பிரதமர்தான் பிஸ்மார்க். அவர் என்றாலே, பெரிய பிரச்சினைகளைப் படைபலமே தீர்க்கும் என்று 1862-ல் பேசிய ‘இரும்பும் இரத்தமும்’தான் பலருக்கும் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், அவருடைய ராஜதந்திரத்தை எடைபோட வேண்டிய இடம் 1866 ஜூலையில் பிரஷ்யத் தலைமை தங்கியிருந்த நிக்கோல்ஸ்பர்க் மாளிகை.

ஜூலை 3 அன்று கோனிக்கிராட்ஸ் போரில் ஆஸ்திரியப் படை தோற்றுப் பின்வாங்கியது. பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்முக்கு முதலில் இந்தப் போரிலேயே விருப்பமில்லை. ஜெயித்த பிறகோ நிறுத்த மனமில்லை. வியன்னா வரை போக வேண்டும், தோற்றவர்களிடமிருந்து நிலம் பிடுங்க வேண்டும் என்று தளபதிகளோடு சேர்ந்து நின்றார்.

பிஸ்மார்க் போட்ட கணக்கு வேறு. போர் நீண்டால் பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் உள்ளே புகுவார். படையில் காலரா வேறு பரவிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை ஆஸ்திரியாவின் தயவு தேவைப்படும். அதை அவமானப்படுத்திவிட்டால் தீராப் பகைதான் மிஞ்சும்.

மன்னர் மசியவில்லை. ஜன்னல் வழியே குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியதாகப் பிஸ்மார்க் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்! போரையே எதிர்த்தவர் அவர். ஆனாலும் அப்பாவிடம் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கி வந்தார்.

ஜூலை 26-ல் பூர்வாங்க உடன்பாடு கையெழுத்தானது. பிரஷ்யாவுக்கு ஆஸ்திரியா தன் சொந்த நிலத்தில் ஓர் அங்குலமும் தரவில்லை. வெனிஷியா இத்தாலிக்குப் போனது. ஜெர்மன் விவகாரங்களிலிருந்து ஒதுங்குவதும் போர் இழப்பீடும்தான் விலை. பலன் நான்கே வருடத்தில் தெரிந்தது: 1870-ல் பிரான்சோடு போர் மூண்டபோது ஆஸ்திரியா நடுநிலை வகித்தது. 1879-ல் கூட்டாளியாகவே ஆனது.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் காட்டிய நிதானம் இது. ஹனோவர், ஹெஸ்ஸே-காஸல், நாஸாவ், ஃபிராங்க்ஃபர்ட் என்ற ஜெர்மன் அரசுகள் எல்லாவற்றையும் பிரஷ்யா அப்படியே விழுங்கியது. ஃபிராங்க்ஃபர்ட் நகரிடம் பிரஷ்ய ராணுவம் 2.5 கோடி கில்டர் (அன்றைய நாணயம்) கேட்டு நெருக்கியது. அந்த நெருக்கடியில் மேயர் ஃபெல்னர் ஜூலை 24 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே நாட்களில்தான் நிக்கோல்ஸ்பர்க்கில் ஆஸ்திரியாவுக்காக அவ்வளவு வாதாட்டம். இதைச் சொல்லாமல் பிஸ்மார்க்கைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1871-ல் தோற்ற பிரான்சிடம் அந்த நிதானமும் இல்லை. பிரான்சின் அல்சாஸ் மாகாணத்தில் பெரும்பகுதியும், லொரேனில் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போனது. மெட்ஸ் கோட்டை நகரை எடுப்பதில் பிஸ்மார்க்குக்கே தயக்கம் இருந்தது. தளபதிகள் விடாப்பிடியாகக் கேட்டார்கள், இந்த முறை அவர் விட்டுக்கொடுத்தார். அதன்பின் பிரான்சைத் தனிமைப்படுத்தி வைப்பதே பதவியில் இருந்தவரை அவருடைய தீராத வேலையாகிவிட்டது.