அலுவலக ஆவணங்களுக்கு ஷேர்பாயிண்ட், கூகுள் டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட்: எப்படி ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது?

மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட், கூகுள் டிரைவ், சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளும் நெக்ஸ்ட்கிளவுட் என்று மூன்று தளங்களின் வசதிகளையும் எக்செல்லில் வரிசையாகப் போட்டு, டிக் அடித்து, மதிப்பெண் கூட்டிப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ஃபைல் சர்வரை எப்போது அணைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த எக்செல் அட்டவணையைப் பற்றிப் படித்ததால்தான் பதில் எழுதுகிறேன். அதே போன்ற ஓர் அட்டவணையால் எங்கள் அலுவலகம் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்கள் மேலிடம் அநேகமாகத் தேதி குறித்துவிட்டது, நீங்கள் அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மதிப்பெண் ஏன் சமமாக வருகிறது? எல்லாத் தளத்திலும் எல்லா வசதியும் பெயரளவில் இருக்கிறது. "பழைய பதிப்புகளைச் சேமிக்குமா?" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் டிக் விழும். ஷேர்பாயிண்ட் ஆன்லைனில், நிர்வாகி மாற்றாதவரை, ஒரு கோப்புக்கு 500 பதிப்புகள் வரை நிற்கும். கூகுள் டிரைவில் நீங்கள் ஏற்றிய பிடிஎஃப், டிராயிங் மாதிரியான கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாள் தாண்டினாலோ 100 பதிப்பு தாண்டினாலோ கழிந்துபோகலாம்; வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் "எப்போதும் வைத்திரு" என்று குறித்து வைக்க வேண்டும். நெக்ஸ்ட்கிளவுட் நாளாக நாளாகப் பழைய பதிப்புகளைத் தானே குறைத்துக்கொண்டு வரும். ஒரு மாதத்துக்கு முந்தியவற்றில் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சும். அமைப்பில் போய் மாற்றலாம், ஆனால் யாராவது போய் மாற்ற வேண்டும். இப்போது சொல்லுங்கள், இந்த மூன்றுக்கும் ஒரே டிக் போடலாமா?

குப்பைத்தொட்டியும் அப்படித்தான். ஷேர்பாயிண்டில் அழித்தது 93 நாள் கிடக்கும். கூகுளில் 30 நாள், அதன்பின் நிர்வாகி நினைத்தால் இன்னும் 25 நாளுக்குள் மீட்கலாம். ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்காரர் கேட்கும்போதுதான் ஒரு கோப்பு காணாமல் போனது தெரியவரும் அலுவலகமாக இருந்தால், இந்த எண்கள்தான் உங்கள் அட்டவணையின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

சரி, எங்கள் கதை. நான் ஒரு பொறியியல் வடிவமைப்பு அலுவலகத்தில் டாகுமெண்ட் கண்ட்ரோலர். டிராயிங்குகளுக்கு எண் கொடுப்பது, எது நடப்பு ரிவிஷன், எது காலாவதி என்று பார்ப்பது, யாருக்கு எப்போது அனுப்பினோம் என்று டிரான்ஸ்மிட்டல் போடுவது, இதுதான் வேலை. ஒரு டிராயிங் ரெவ் ஏ என்று கிளம்பும். வாடிக்கையாளர் அதன்மேல் சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்புவார். ரெவ் பி, ரெவ் சி என்று போய், ஒப்புதல் ஆனதும் ரெவ் ஜீரோவாகக் கட்டுமானத்துக்கு வெளியாகும். களத்தில் இருப்பவர் கையில் ரெவ் சி இருந்து, அலுவலகத்தில் ரெவ் ஜீரோ இருந்தால் இடித்துக் கட்ட வேண்டியதுதான்.

தளம் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். ஐடி, நிதி, கொள்முதல், மூவரும் இருந்தார்கள். ஆவணம் கையாளும் ஒருவர்கூட இல்லை. விற்க வந்தவர்கள் சுத்தமான நாலைந்து வேர்டு கோப்புகளை வைத்து டெமோ காட்டினார்கள். எல்லாம் அழகாக ஓடியது. நான் மின்னஞ்சலில் கேட்டேன்: ஆட்டோகேட் டிராயிங்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக எக்ஸ்ரெஃபில் (ஒரு டிராயிங் இன்னொன்றை அதன் கோப்புப் பாதை வழியே இழுத்துக் காட்டும் இணைப்பு) இணைந்திருக்கின்றனவே, இடம் மாறினால் அந்த இணைப்பு நிற்குமா? இரண்டு பேர் ஒரே டிராயிங்கைத் திறந்தால் என்ன ஆகும்? என் மேலாளர் நேரில் வந்து சொன்ன பதில்: "ஏம்மா, ஃபைலை வைக்க ஒரு இடம்தானே? எதுல வச்சா என்ன?"

வாங்கினார்கள். ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேர்டு, பிரசன்டேஷன் மட்டும் எழுதும் அலுவலகத்துக்கு அது நன்றாகவே உழைத்திருக்கும்.

திங்கட்கிழமை பார்த்தால் எல்லாக் கோப்புக்கும் திருத்திய தேதி அந்த வார இறுதி. திருத்தியவர் பெயர், மாற்றத்துக்குப் பயன்படுத்திய கணக்கின் பெயர். பல வருடத்து வரலாறு ஒரே தேதியில் வந்து நிற்கிறது. பாதை நீளமாக இருந்த கோப்புகள் ஏறவே இல்லை. அவற்றின் பட்டியல் ஒரு பதிவுக் கோப்பில் இருந்தது, அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்த டிராயிங்கில் எக்ஸ்ரெஃப் வரவேண்டிய இடத்தில் கோப்பின் பாதை மட்டும் எழுத்தாக நின்றது.

அதைவிட மோசமானது பூட்டு. ஆட்டோகேட் ஒரு டிராயிங்கைத் திறக்கும்போது பக்கத்திலேயே டிடபிள்யூஎல் என்ற சின்னப் பூட்டுக் கோப்பு ஒன்றை எழுதி வைக்கும். பொதுச் சர்வரில் அடுத்தவர் திறக்கப் போனால் "இன்னார் பயன்படுத்துகிறார்" என்று அது தடுத்துவிடும். ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனி நகல் வைத்து, பிறகு ஒத்திசைக்கும் முறையில், அந்தப் பூட்டு அடுத்தவர் கணினிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் கிடையாது. இருவரும் திறப்பார்கள், இருவரும் சேமிப்பார்கள். தளம் எதையும் அழிக்காமல், இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயரை ஒட்டி இன்னொரு கோப்பாக வைத்துவிடும். "எல்லாரும் ஒரே நேரத்தில் திருத்தலாம்" என்று விளம்பரத்தில் வருவது ஷேர்பாயிண்டில் ஆபீஸ் கோப்புகளுக்கும் கூகுளில் அதன் சொந்த டாக்ஸ், ஷீட்ஸ் வகைகளுக்கும் பொருந்தும். டிராயிங்குக்குப் பொருந்தாது.

அப்புறம் ஒரு நாள் களத்திலிருந்து ஜூனியர் இன்ஜினியர் ஒருவர் ஃபோன். "அக்கா, இந்த நம்பருக்கு ரெண்டு ரெவ் ஜீரோ இருக்கு. ஆங்கர் போல்ட் தள்ளி இருக்கு. எதை வச்சுப் போடட்டும்?" கான்கிரீட் வண்டி வரவேண்டிய நேரம். இரண்டு கோப்பின் தேதியும் அதே வார இறுதி. திறந்து பார்த்தால் இரண்டுமே சரி மாதிரிதான் இருந்தன. நான் மின்னஞ்சலில் பழைய டிரான்ஸ்மிட்டலைத் தேடி எடுத்து, அதோடு போன பிடிஎஃபைத் திறந்து, போல்ட் அளவை ஒவ்வொன்றாக ஃபோனில் வாசித்துச் சொன்னேன். அதுவரை வண்டியை நிறுத்தி வைத்தார் அந்தத் தம்பி. கேட்காமல் போட்டிருந்தால்?

அந்தத் தம்பிக்கும் எனக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் ஆவணம் பார்ப்பவர்களை எல்லா இடத்திலும் டேட்டா என்ட்ரி கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். தணிக்கையில் ஒரு குறைகூட வரவில்லை என்றால் பாராட்டு தரப்பிரிவுக்குப் போகும். ஒரே ஒரு டிராயிங் தவறிப்போனால் விளக்கக் கடிதம் எங்களிடம் வரும். எத்தனை வருடம் ஆனாலும் பதவிப் பெயரில் "அசிஸ்டென்ட்" போகாது. வருட மதிப்பீட்டுப் படிவத்தில் நாங்கள் செய்யும் வேலைக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. கோப்புகளை நாள் முழுக்கத் தொடுபவரைக் கேட்காமலே கோப்புக்கான தளத்தை வாங்க முடிகிறது என்றால் அதற்கும் இந்த மரியாதைக் குறைவுக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி தேர்வு நடந்தது. இந்த முறை நானும் குழுவில் இருந்தேன். வசதிப் பட்டியல் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். முடிந்துபோன ஒரு புராஜெக்ட்டின் ஃபோல்டரை எடுத்தோம். அதில் இருந்த குப்பை, இரட்டை நகல், நீளப் பெயர், எக்ஸ்ரெஃப், மேக்ரோ எழுதிய எக்செல், ஒன்றோடு ஒன்று இணைத்த எக்செல், கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், எதையும் சரிசெய்யாமல் அப்படியே ஒவ்வொரு தளத்தின் சோதனைக் கணக்கிலும் ஏற்றச் சொன்னோம். விற்பவர்கள் ஏற்றக் கூடாது, எங்கள் ஆட்கள்தான் ஏற்ற வேண்டும். நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பதுதான் என் பதில். ஏற்றும்போதே பாதி உண்மை தெரிந்துவிடும். ஷேர்பாயிண்டில் ஃபோல்டர் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்து பாதை 400 எழுத்துக்குள் இருக்க வேண்டும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி மாதிரி சிலவற்றைப் பெயரில் ஏற்காது. மேக்ரோ எக்செல் பிரவுசரில் எங்குமே ஓடாது, டெஸ்க்டாப் எக்செல் வேண்டும்.

ஏற்றியபின் நிஜமான வேலைகளைக் கொடுத்தோம். தேடலுக்கு, "பம்ப் ஹவுஸ் பக்கத்துக் கேபிள் டிரெஞ்ச், போன வருடம் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினாரே, அது" என்று அரைகுறையாகச் சொல்லித் தேட விட்டோம்; யாரும் டிராயிங் எண்ணைச் சொல்லி ஆவணம் கேட்பதில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃபுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுவதில் கூகுள் கெட்டி. நெக்ஸ்ட்கிளவுடை நிறுவியபடியே விட்டால் கோப்பின் பெயரில்தான் தேடும். உள்ளே தேடத் தனி ஆப்பும் தேடுபொறியும் சேர்க்க வேண்டும். ஷேர்பாயிண்டில் டிராயிங் எண், ரிவிஷன், நிலை என்று எக்செல்லில் போலத் தனித்தனி நெடுவரிசை (பத்தி) வைத்து வடிகட்டலாம், ஒரு கோப்பை ஒருவர் செக் அவுட் செய்துவிட்டால் அவர் திருப்பும்வரை மற்றவர் மாற்ற முடியாது. ஆனால் ஒரு லைப்ரரியில் (கோப்புத் தொகுப்புக்கு அங்கே அந்தப் பெயர்) 5,000 கோப்புக்கு மேல் போனால், பத்திகளுக்கு முன்பே இன்டெக்ஸ் போடாவிட்டால் வடிகட்டல் முரண்டு பிடிக்கும்.

வேலையை விட்டுப் போகிறவரின் கோப்புகளையும் சோதித்தோம். ஒரு சோதனைக் கணக்கில் ஆவணங்களை வைத்து, அந்தக் கணக்கையே நீக்கினோம். இதை எல்லா அலுவலகமும் செய்து பார்க்க வேண்டும். கூகுளில் "என் டிரைவ்" பகுதியில் இருப்பது அந்த நபருடையது, பகிர்வு டிரைவில் இருப்பது நிறுவனத்துடையது. நீக்கிய பயனரை மீட்க நிர்வாகிக்கு 20 நாள்தான். மைக்ரோசாஃப்ட் பக்கம் ஒன்டிரைவ் தனிநபருடையது. கணக்கு போனால், அமைப்பை மாற்றாதவரை 30 நாள். ஆட்கள் சோம்பலில் எங்கே வைப்பார்கள்? தனிநபர் இடத்தில்தான்.

கடைசியாக, வெளியே எடுப்பது. மெட்டா நிறுவனம் தன் "வொர்க்பிளேஸ்" என்ற அலுவலகத் தொடர்புத் தளத்தை மூடுவதாக 2024-ல் அறிவித்தது. அட்லாசியன் கன்ஃப்ளுயன்ஸ் என்ற தன் ஆவணத் தளத்தின் சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரி 15-ஓடு ஆதரவை நிறுத்தியது. பெரிய கம்பெனி என்பதற்காகத் தளம் நிரந்தரம் ஆகிவிடாது. ஏற்றியதை எல்லாம் திரும்ப இறக்கிப் பாருங்கள். ஷேர்பாயிண்டில் சாதாரணமாக இறக்கினால் கடைசிப் பதிப்பு மட்டும் வரும். கூகுள் டாக்ஸ் வேர்டாக மாறி வரும், திருத்த வரலாறு கூட வராது. நெக்ஸ்ட்கிளவுட் இதில் நேர்மையானது: சர்வரின் வட்டில் சாதாரண ஃபோல்டராகவே கோப்புகள் கிடக்கும், மென்பொருளே இல்லாவிட்டாலும் எடுக்கலாம். ஆனால் பெரிய பதிப்பு எதையும் தாண்டிக் குதித்து அப்டேட் செய்ய முடியாது, ஒவ்வொன்றாக ஏற வேண்டும். டேட்டாபேஸையும் சேர்த்து பேக்கப் எடுக்க வேண்டும். பொறுப்பாகப் பார்க்க லினக்ஸ் தெரிந்த ஆள் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

நாங்கள் ஷேர்பாயிண்ட் எடுத்தோம், பத்திகளுக்காகவும் செக் அவுட்டுக்காகவும். நடப்பு டிராயிங்குகளை ஒத்திசைவில் விடுவதில்லை. நான் அதை விற்பவளும் இல்லை, பரிந்துரைக் கமிஷனும் இல்லை. "ஒழுங்காக அமைத்தால் கூகுளிலேயே இதெல்லாம் செய்யலாமே" என்று கருத்துப் பகுதியில் சொல்லப் போகிறவர்களுக்கு: செய்யலாம், உங்கள் அலுவலகத்தில் அமைக்க ஆள் இருந்தால் செய்யுங்கள். உங்கள் ஆட்கள் பெரும்பாலும் உரையும் கணக்கும் மட்டும் சேர்ந்து எழுதுபவர்கள் என்றால் நானே கூகுளைத்தான் சொல்வேன், பகிர்வு டிரைவை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்கும் பட்சத்தில்.

பழைய ஃபைல் சர்வர்: அணைக்காதீர்கள். மாற்றம் தொடங்கும் முன்பே அதைப் படிக்க மட்டும் என்று ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஆட்கள் இரண்டு இடத்திலும் எழுதுவார்கள். கோப்பு எண்ணிக்கையை ஃபோல்டர் வாரியாக இரு பக்கமும் ஒப்பிட்டு, ஏறாதவற்றின் பட்டியலை ஒரு ஆள் பெயர் போட்டுக் கையெழுத்திட்டு முடிக்க வேண்டும். புதிய தளத்தை மட்டும் வைத்து ஒரு முழுத் தணிக்கை கடந்தபின் அணைப்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வட்டின் ஒரு நகலை எடுத்து வைத்துவிட்டு.