உமியில் செய்த கோப்பை உக்குமா?

கேள்வி: மாங்குளத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன் ஐயா. கரும்புச் சக்கைத் தட்டு, உமிக் கோப்பை என்று ஒருவர் கொண்டுவந்து காட்டினார். விலை கூட. மண்ணில் போட்டால் உக்கிவிடும் என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: தட்டை வாங்கலாம். கோப்பையில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

சக்கைத் தட்டு பிளாஸ்ரிக்கே அல்ல. சாறு பிழிந்த சக்கையைக் கூழாக்கி, அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தி எடுப்பது. ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். தோல்போலப் படலம் பிரிந்து வந்தால் உள்ளே பிளாஸ்ரிக் பூச்சு இருக்கிறது, வேண்டாம்.

உமிக் கோப்பைதான் சிக்கல். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. எங்கள் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் அந்த உமிக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்பது என் ஆசையும்தான். ஆனால் உமித்தூள் தானாக ஒட்டிக்கொள்ளாது. பொலிபுரொப்பிலீன் சேர்த்து வார்த்திருந்தால், உமி உக்கிப்போன பிறகும் பிளாஸ்ரிக் துகள்கள் மண்ணில் கிடக்கும். மெலமைன் பசை சேர்த்ததென்றால் இன்னும் மோசம்: கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றும்போது போமல்டிஹைட் என்ற நச்சுப்பொருள் அதில் இறங்கக்கூடும்.

தாவரத்தில் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் உக்கிவிடாது. பிரேசிலில் 2010 முதல் கரும்பு எதனோலிலிருந்து பொலித்தீன் செய்கிறார்கள். மண்ணெண்ணெய் எடுக்கும் அதே மசகெண்ணெயில் செய்த பொலித்தீனைப்போல அதுவும் உக்காது. சீனியைப் புளிக்கவைத்துச் செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்ரிக் உக்கும்தான். அதற்கு 60 பாகை அளவு சூடு வாரக்கணக்கில் வேண்டும். வளவுக்குள் வெட்டிய குப்பைக் கிடங்கில் அந்தச் சூடு நிலைக்காது. ஏறத்தாழ அதே சூட்டில் பி.எல்.ஏ. இளகியும்விடும், ஆகவே தேத்தண்ணிக்கு உதவாது.

சூடான உரக் கூடத்தில் பொருள் உக்கும் என்று காட்டும் ஐ.எஸ்.ஓ. 17088 அல்லது ஈ.என். 13432 சான்றிதழைக் கேளுங்கள். மூலப்பொருளின் பெயரை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் தட்டு, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் இலங்கையில் 2023 ஒக்ரோபர் 1 முதல் தடை என்பதும் நினைவிருக்கட்டும். பொய் சொல்லி விற்றிருந்தால், பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடையில் இருந்து குடிப்பவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸே போதும். சோற்றுப் பார்சலுக்கு வாழையிலை, குளத்துத் தாமரை இலை. வீதியோர மாடு தின்றாலும் வயிற்றில் அடைக்காது.