கொள்ளு என்றால் காது திரும்பும்: குதிரையோடு பேசுகிறவர்களுக்குச் சில பதில்கள்

என் தாத்தா திருச்சியில் ஜட்கா ஓட்டியவர். வீட்டில் பாட்டியோடு பேசியதைவிட வண்டிக் குதிரையோடு அவர் பேசியதுதான் அதிகம் என்று அப்பா சொல்வார். நான் பந்தயக் குதிரை லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் ‘சைஸ்’ ஆகச் சேர்ந்து, பிறகு சவாரி கற்றுக்கொடுக்கிறவனாகி, நாற்பது ஆண்டுகளைக் குதிரைகளோடு கழித்துவிட்டேன். குதிரை வளர்ப்பவர்கள் அதனிடம் மனிதரிடம் பேசுவதுபோலவே பேசுகிறார்களே, அதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: என் கணவர் தினமும் காலையில் அரைமணி நேரம் லாயத்தில் நின்று குதிரையிடம் பேசுகிறார். மகளின் கல்யாணச் செலவு முதல் மைத்துனரின் குணம் வரை எல்லாம் அதற்குச் சொல்லப்படுகிறது. மைத்துனர் என்றால் என் தம்பி. குதிரைக்கு இதெல்லாம் புரியுமா ஐயா?

உங்கள் தம்பியைப் பற்றிய செய்தி குதிரையோடு நின்றுவிடும், கவலை வேண்டாம் அம்மா. அதற்கு வாக்கியம் புரியாது. சில சொற்கள் புரியும், அதுவும் அவற்றோடு ஏதாவது ஒன்று தவறாமல் வந்து சேர்ந்தால் மட்டும். ‘கொள்ளென்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளமென்றால் வாயை மூடுமாம்’ என்று நம் பெரியவர்கள் சொன்னது கேலிக்காக. ஆனால் குதிரைக்கு எவ்வளவு மொழி தெரியும் என்பதற்கு அதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது.

நாளைக் காலை உங்கள் கணவர் பேசும்போது அவரைப் பார்க்காமல் குதிரையின் காதுகளைப் பாருங்கள். ஒவ்வொரு காதும் தனித்தனியாகக் கிட்டத்தட்ட அரைவட்டம் திரும்பக்கூடியது. ஒரு காது அவர் பக்கமும் மற்றொன்று தீவன அறைப் பக்கமும் இருந்தால், பாதிக் கவனம் கிடைத்திருக்கிறது என்று பொருள். மனிதர்களிடம் அதுவும் கிடைப்பதில்லை என்பதால்தான் அவர் லாயத்துக்குப் போகிறாரோ என்னவோ. அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு மார்வாரிக் குதிரை வாங்கினேன். விற்றவர் அதனிடம் இந்தியில்தான் பேசினார். நான் தமிழில் பேசினால் குழம்புமா? இந்தி கற்றுக்கொள்ள வேண்டுமா?

குதிரைக்காக வேண்டாம் தம்பி. அது கற்றிருப்பது சில ஒலிகளை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினால் நட, நீட்டித் தாழ்த்தி ‘ஓ…’ என்றால் நில், அவ்வளவுதான். கிரேக்க நாட்டுச் செனபோன் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதிவைத்தார். உதட்டைக் குவித்து ஒலி எழுப்பினால் குதிரை அமைதியாகும், நாக்கைச் சொடுக்கினால் எழும்பும். ஆனால் தொடக்கத்திலிருந்தே மாற்றிப் பழக்கினால் சொடுக்குக்கு அமைதியாகி உதட்டொலிக்கு எழும்பும் என்பது அவர் கணக்கு. ஒலியில் பொருள் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

விற்றவர் எந்த ஒலிக்கு நிறுத்தினார், எதற்கு நடத்தினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டீர்களா? ராசிக்காகக் குதிரையின் ரோமச் சுழி பார்க்க ஒரு மணி நேரம் செலவழிக்கிறவர்கள் இதைக் கேட்க ஒரு நிமிடம் ஒதுக்குவதில்லை. கேட்காவிட்டாலும் பரவாயில்லை. புதுச் சொல்லைச் சொல்லி, உடனே பழைய சைகையையும் சேர்த்துக் காட்டுங்கள். சில நாட்களில் சொல் மட்டும் போதுமானதாகிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். அப்பா ‘நில்’, மகன் ‘ஸ்டாப்’, வேலையாள் ‘ஓய்’ என்றால் குதிரை மூன்றையும் காற்றோசையாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பாசமாகப் பேசுவது, கோபமாகப் பேசுவது இதெல்லாம் அதற்குத் தெரியும் என்பது நம் கற்பனையா, ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அண்மைக் காலத்தில் நிறைய. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைப் பெரிதாகக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் கண்டபோது குதிரைகள் தலையைத் திருப்பி இடக்கண்ணால் பார்த்தன, இதயத்துடிப்பும் சீக்கிரம் ஏறியது. அச்சம் தரக்கூடியதை இடக்கண்ணால் பார்ப்பது பல விலங்குகளின் வழக்கம். 2018இல் வந்த தொடர் ஆய்வில், காலையில் ஒருவரின் கோபமான படத்தைப் பார்த்த குதிரை, சில மணி நேரம் கழித்து அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோதும் எச்சரிக்கையாகவே இருந்தது. எந்தப் படம் காட்டப்பட்டது என்று வந்தவருக்கே தெரியாது. அதே ஆண்டு ஜப்பானில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் முகத்தையும் குரலையும் பொருந்தாமல் காட்டிப் பார்த்தார்கள். சிரித்த முகத்துக்குத் திட்டும் குரல் வந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிடுகிறது.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் 2021இல் பிரான்சிலிருந்து வந்தது. குழந்தையைக் கொஞ்சுவதுபோல் குரலை உயர்த்தி இழுத்துப் பேசினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். உடம்பு தேய்த்துவிடும்போது கொஞ்சு குரல் கேட்ட குதிரைகள் அதிகம் அசையாமல் நின்றன, தேய்ப்பவரைத் தாங்களும் மூக்கால் வருடப் பார்த்தன. தீவனம் எந்த வாளியில் இருக்கிறது என்று கையால் காட்டியபோது, கொஞ்சு குரலோடு காட்டினால் சரியாகப் போயின. பெரியவர்களிடம் பேசும் குரலோடு காட்டினால் குத்துமதிப்பாகத்தான் போயின. அவர்கள் முதலில் குதிரைக்காரர்களையே விசாரித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்படித்தான் பேசுகிறோம் என்றார்களாம். எங்கள் தொழிலின் ரகசியம் அம்பலமாகிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தரையில் விரித்த தார்ப்பாயைத் தாண்டக் கற்றுக்கொடுக்கும்போது, மென்மையாகப் பேசினாலும் அதட்டிப் பேசினாலும் குதிரை கற்கும் வேகத்தில் வேறுபாடு தெரியவில்லை என்று ஒரு பரிசோதனை காட்டியிருக்கிறது. கயிற்றை எப்போது தளர்த்துகிறீர்கள் என்பதுதான் அங்கே பாடம் நடத்துகிறது. குரல் பின்னணி இசைதான்.

கேள்வி: எங்கள் குதிரை கூட்டல் கணக்குப் போடும். மூன்றும் இரண்டும் எத்தனை என்றால் ஐந்து முறை காலைத் தட்டும். நம்புவீர்களா?

தட்டும் என்பதை நம்புகிறேன். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரின் குதிரை ஹான்ஸ் உங்கள் குதிரைக்கு அண்ணன். 1904இல் ஒரு குழுவே வந்து சோதித்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றது. பிறகு உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்து 1907இல் விடையை எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தம்மை அறியாமல் மயிரிழை உயரும். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். ஓஸ்டன் மோசக்காரர் அல்லர். அவருக்கே அது தெரியாது.

விடை தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். கணக்கில் குதிரை தோற்றுப்போகும். ஆனால் உங்கள் கழுத்து அசைவைப் படிக்கிற விலங்கின் முன்னால் நிற்கிறீர்கள் என்பது கூட்டலைவிடப் பெரிய செய்தி.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போய்வந்தேன். அன்றிலிருந்து என் பெண்குதிரை கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது, கடிவாளம் போடவிடுவதில்லை. தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். எத்தனை நாளில் சமாதானமாகும்?

மன்னிப்பை நிறுத்திவிட்டு இன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இதே கதை என் கண்முன்னால் நடந்தது. ஒரு வீட்டுக்காரர் மகளின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் வெளியூரில் தங்கிவிட்டார். திரும்பியபோது குதிரை தலையைச் சாய்த்து விலகியது. “ரோஷக்காரி, என்னைவிட்டுப் பேத்தியைப் பார்க்கப் போனாயா என்கிறாள்” என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்த் தொட்டியைப் பார்த்தேன். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாக, எச்சில் ஊறிக் கிடந்தது. குதிரை ஊடலில் புல்லை உருட்டித் துப்பாது. மருத்துவர் வந்து வாயை அகட்டி டார்ச் அடித்தார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் அரிவாள் முனைபோல் கூராகி, கன்னத்தின் உட்புறம் எட்டணா அளவுக்குப் புண். கடிவாளத்தின் வார் இறுகினால் அந்தக் கன்னம் நேராகப் பல்லில் அழுந்தும். முகத்தைத் திருப்பாமல் என்ன செய்யும்? அரம் போட்டு ராவிவிட்டார். புண் ஆறியதும் ‘ரோஷம்’ தானாகப் போய்விட்டது.

குதிரையின் பற்கள் வாழ்நாள் முழுக்க மேலே எழுந்துகொண்டே இருக்கும், மெல்லும்போது சீராகத் தேயாத ஓரம் கூராகும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குதிரையின் சார்பில் நீங்களே பதிலும் சொல்லிக்கொள்ளாதீர்கள். கோபம், பொறாமை, பழிவாங்கல் என்று நாம் எழுதிக்கொடுக்கிற வசனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் பல்லோ முதுகோ குளம்போ வலித்துக்கொண்டிருக்கிறது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைக் காலால் பிறாண்டிப் புரளும் குதிரையை ‘அடம் பிடிக்கிறது’ என்று விட்டுவைத்து இழந்தவர்களை எனக்குத் தெரியும். அது வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கேள்வி: அப்படியானால் அதன் பதிலை எப்படித்தான் தெரிந்துகொள்வது?

கேட்கும் விதத்தில் கேட்டால் சொல்லும். நார்வேயில் 23 குதிரைகளுக்கு வெவ்வேறு குறி போட்ட மூன்று பலகைகளைப் பழக்கினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் மேலே கம்பளம் போடுவார்கள், இன்னொன்றைத் தொட்டால் எடுத்துவிடுவார்கள், மூன்றாவது இருக்கிறபடியே இருக்கட்டும் என்பதற்கு. இரண்டு வாரத்தில் எல்லாமே கற்றுக்கொண்டன. குளிரும் மழையுமான நாளில் கம்பளம் கேட்டன, வெயில் நாளில் வேண்டாம் என்றன. 2016இல் வந்த ஆய்வு இது. எங்கள் ஊரில் கம்பளத்துக்கு வேலை இல்லை என்பதால் நான் நிழலா வெயிலா என்று பழக்கிப் பார்த்தேன். குதிரை கற்றுக்கொண்டது. என் உதவியாளர்தான் பலகைகளை மாற்றி மாற்றி மாட்டிவிட்டார்.

கேள்வி: நான் பேசினால் கனைக்கிறது. அது பதில் இல்லையா?

வாயை மூடிக்கொண்டு, மூக்குக்குள்ளேயே தாழ்வாகக் குமுறினால், “வந்துவிட்டாயா” என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கையில் வாளி இருந்தால் அது வாளிக்கு. தாய்க்குதிரை குட்டியிடமும் அப்படிக் குமுறும். தலையை உயர்த்தி ஊர் கேட்கக் கனைத்தால் அது உங்களுக்கல்ல, கண்ணுக்குத் தெரியாத தன் கூட்டாளிக்கு.

கேள்வி: கடித்துவிட்டால் திட்டலாமா?

அந்த நொடியிலேயே ஒரு அதட்டல் போதும். ஐந்து நிமிடம் நின்று குலம் கோத்திரம் எல்லாம் இழுத்துத் திட்டுவது உங்கள் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் பயன்படும். ‘குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை’ என்று நினைத்து ஆறுதல் அடையுங்கள்.

கேள்வி: கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறேன். வெடிச் சத்தத்தில் மிரளும்போது “ஒன்றுமில்லை, பயப்படாதே” என்று விடாமல் சொல்கிறேன். சொல்லச் சொல்ல அதிகம் மிரளுகிறது. ஏன்?

“பயப்படாதே” என்று எப்போது சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெடி வெடிக்கும்போது மட்டும். அதையும் தொண்டை இறுகி, மூச்சு மேலேறி, கயிற்றை முஷ்டியில் சுற்றிக்கொண்டு சொல்கிறீர்கள். நாலு ஊர்வலம் முடிவதற்குள் ‘பயப்படாதே’ என்றால் ‘ஆபத்து வருகிறது’ என்று குதிரை அகராதி எழுதிவிடும். அந்தச் சொல்லை அமைதியான நேரத்துக்கு மாற்றுங்கள். மாலையில் பிடரிக்குக் கீழே, தோள் தொடங்கும் மேட்டில் சொறிந்துவிடும்போது ஒரே சொல்லை ஒரே தாழ்ந்த குரலில் சொல்லிவாருங்கள். ஒரு மாதம் கழித்து ஊர்வலத்தில் அதைச் சொல்லுங்கள், சொல்வதற்கு முன் உங்கள் மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், விரல் போய்விடும். முடிந்தால் வெடி போடுகிறவர்களிடம் முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுங்கள். குதிரையிடம் பேசுவதைவிட அது பலன் தரும்.

கேள்வி: கடற்கரையில் சவாரிக் குதிரையைக் கண்டால் என் மகள் ஓடிப்போய்ப் பேசுகிறாள். ஆபத்தா?

ஓடுவதுதான் ஆபத்து. பின்பக்கமாகப் போகக் கூடாது. வாலுக்கு நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. நெற்றிக்கு நேர் முன்னாலும் அப்படியே. குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு, தோள் பக்கமாக, பேசிக்கொண்டே மெல்ல நடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் உங்கள் குதிரையிடம் என்ன பேசுவீர்கள் ஐயா?

என்னிடம் இப்போது இருப்பது ஒன்றுதான், வயது 24. இடக்கண்ணில் புரை விழுந்து பார்வை போய்விட்டது. அதனால் வெளிக்கதவைத் திறந்ததிலிருந்து அவள் தோளில் கை வைக்கும் வரை பேசிக்கொண்டே போவேன், நான் எங்கே வருகிறேன் என்று அவளுக்குத் தெரிவதற்காக. பேச விஷயம் வேண்டாமா? பேப்பரில் படித்தது, கொள்ளு விலை, முட்டிவலி எல்லாம் சொல்வேன். போன மார்கழியில் தொண்டை கட்டி ஒரு நாள் பேசாமல் போனேன். இடப்பக்கம் திடீரென்று ஏதோ பட்டதில் திடுக்கிட்டுத் துள்ளி என் காலை மிதித்துவிட்டாள். கட்டைவிரல் நகம் போனது. இப்போதெல்லாம் தொண்டை கட்டினால் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போகிறேன்.