எக்ஸ்டெண்டட் வாரண்டி: பணம் தரப்போவது யார்?

மழைக்காலம் தொடங்கினால் நம் மலையில் ஒர்க்‌ஷாப்புகளில் வண்டிகள் வரிசை கட்டும். கூடவே வாரண்டி பற்றிய கேள்விகளும் வரும். இந்த முறை வந்தவற்றில் நான்கு.

என் காரின் வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது. ஒரு கம்பெனியிலிருந்து போன் செய்து, வாரண்டியை நீட்டித்துத் தருகிறோம், இன்றே கட்டினால் பாதி விலை என்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, குன்னூர்)

இன்றே கட்டு என்று அவசரப்படுத்தினால் இன்று கட்டாதீர்கள், அம்மா. விளம்பர நோட்டீஸ் போதாது, முழு ஒப்பந்தத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பதிவு பெற்ற கம்பெனி என்றால் சி.ஐ.என். என்று 21 இடங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். அதில் 9 முதல் 12 வரையுள்ள நான்கு இலக்கங்கள்தான் கம்பெனி பதிவான வருடம். "இருபது வருட அனுபவம்" என்று போனில் சொன்னவரின் எண்ணில் 2023 என்று இருந்தால், மேற்கொண்டு பேச்சு எதற்கு? கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால், அது நடப்பில் இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்று காசில்லாமலே பார்க்கலாம். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணையும் ஜி.எஸ்.டி. தளத்தில் சரிபாருங்கள். கூகுள் பேயில் பணம் அனுப்பப் போகும்போது கம்பெனி பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவர் பெயர் வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வாரண்டி இன்னும் முடியவில்லை என்பதால், கார் கம்பெனியே தரும் நீட்டிப்பின் விலையையும் ஷோரூமில் கேளுங்கள். முடிந்த பிறகு போனால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

"எங்களுக்குப் பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது" என்கிறார்கள். அது போதாதா? (வாசகர், கோத்தகிரி)

போதாது. இந்த வியாபாரத்தில் விற்பவர் ஒருவர், கிளெய்மைப் பார்ப்பவர் இன்னொருவர், பணம் தருபவர் மூன்றாமவர் என்று இருக்கலாம். எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பர்லியார் தாண்டி ஒரு வளைவில் என் பழைய காரின் கியர் பாக்ஸ் நின்றுபோனது. மேட்டுப்பாளையம் வரை கட்டி இழுத்துப் போனோம். வாரண்டி விற்றவரைக் கேட்டால், "நாங்கள் ஏஜென்ட் மட்டும்தான் சார்" என்றார். ஒப்பந்தத்தைப் புரட்டினால் நான்காம் பக்கத்தின் அடியில், எறும்பு வரிசை மாதிரி எழுத்தில், அதுவே இருந்தது. பணம் தர வேண்டியவர்களோ, ஒரு சர்வீஸ் 40 நாள் தாமதம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த வாரங்களில் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. அதை அவர்கள் காதில் வாங்கவே இல்லை.

அதனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையும் பாலிசி எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெயர் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நீங்களே அங்கே போன் செய்யுங்கள். விற்பவர் தரும் நம்பரில் அல்ல, அவர்கள் தளத்தில் உள்ள நம்பரில். "வாரண்டி கம்பெனி மூடிவிட்டால் எனக்கு நேரடியாகத் தருவீர்களா?" என்று கேளுங்கள். பாலிசி வாரண்டி கம்பெனியை மட்டும் காப்பதாக இருந்தால் உங்களுக்கு அதனால் பயன் இல்லை.

சர்வீஸ் பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

கிளட்ச் பிளேட் மாற்றித் தருவார்களா? (வாசகர், கூடலூர்)

பெரும்பாலும் மாட்டார்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர் எல்லாம் தேய்மானக் கணக்கில் போகும். கல்லட்டியின் 36 வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிக்கு முதலில் போவதே இவைதான். எலி கடித்த வயருக்கும் கிடைக்காது. எதற்கெல்லாம் தர மாட்டோம் என்ற பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஏமாற்றினால் அவர்கள் ஊருக்கு அலைய வேண்டுமா? (வாசகர், ஊட்டி)

வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். மறுப்பை மட்டும் வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுதி வாங்குங்கள்.