நாய்க்குட்டி கீறினால்: பெற்றோர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்க்குட்டி பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

45 நாள் குட்டி ஒன்று வாங்கினோம். மூன்று வயது மகளின் விரலைக் கடித்துக் கடித்து விளையாடுகிறது. லேசான சிராய்ப்பு, ரத்தம் இல்லை. குட்டிக்கு ரேபிஸ் வராது என்கிறார் விற்றவர்.

குட்டிக்கும் வரும். ரேபிஸ் தடுப்பூசியை நாய்க்கு மூன்று மாத வயதில்தான் தொடங்குகிறோம். உங்கள் குட்டிக்கு அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. தாய் நாய்க்கு ஊசி போட்டார்களா, பிறந்த இடத்துக்குத் தெருநாய் வந்து போனதா, உங்களுக்குத் தெரியாது. கடியையும் கீறலையும் ஆபத்தைப் பொறுத்து மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள், மூன்றாவதுதான் மிகத் தீவிரம். தோல் சிராய்ந்திருந்தால் ரத்தம் வராவிட்டாலும் அது இரண்டாம் வகை. கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள்; அன்றே மகளுக்குத் தடுப்பூசி. குட்டியின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும், துளை சட்டென்று மூடிக்கொள்ளும். ஒரு பொட்டு ரத்தம் வந்திருந்தாலும் மூன்றாம் வகை, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும், தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) வேண்டும். எந்த வகை என்று சந்தேகமா? மேல் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி என் பையனின் காலை நக்கிவிட்டது. இரவெல்லாம் தூங்கவில்லை.

புண்ணில்லாத தோல் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். கழுவினால் போதும், ஊசி வேண்டாம். புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டிருந்தால் மட்டும் மூன்றாம் வகை.

குழந்தையை நாய் கடித்தது. என்ன செய்ய வேண்டும்?

எந்த வயது, எந்த நாய், எங்கே கடித்தது, ரத்தம் வந்ததா, எத்தனை நாள் ஆயிற்று, எதுவுமே எழுதவில்லை. இந்த ஒரு வரியை வைத்து நான் என்ன சொல்ல முடியும்? அதைவிட, இது எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற விஷயமே இல்லை. இன்னும் காட்டவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

குட்டி கடித்த இடத்தில் மாமியார் உடனே மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டார். பிரிக்கலாமா?

பிரித்துக் கழுவுங்கள். ரேபிஸ் வைரஸின் மேல் உறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் அதைச் செய்யாது. காயத்தைப் புண்ணாக்கும், கழுவ வேண்டிய நேரத்தைத் தின்னும். கால் மணி நேரம் என்றால் முழுக் கால் மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்.

பக்கத்துத் தெருக் குட்டி கீறியதை ஒன்பது வயது மகன் நான்கு நாள் மறைத்துவிட்டான். தெரிந்ததும் கோபத்தில் அடித்துவிட்டேன். இனி ஊசி போட்டுப் பயன் உண்டா?

உண்டு. இன்றே கூட்டிப் போங்கள். காயம் ஆறியிருந்தாலும் கழுவிவிட்டுப் போங்கள். அறிகுறி தொடங்காதவரை ஊசிக்குக் காலம் கடந்துவிட்டது என்பதே கிடையாது.

அப்புறம், அடித்தது பற்றி. இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை, மறுபடியும் எழுதுகிறேன். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. கடி தலைக்குப் பக்கத்தில் இருந்தால் வைரஸ் மூளைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. இதெல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் பிள்ளை நம்மிடம் சொல்லாமல் இருப்பது நம்மால் வருவது. "நாயைத் தொட்டால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவாங்க" என்று மிரட்டி வைத்தது நாம்தானே? அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஒரு காலத்தில் அதைத்தான் தயாரித்தார்கள். இந்தியாவில் 2004 இறுதியோடு அது நின்றுபோயிற்று. உங்கள் மகன் பிறப்பதற்கு முன்பே ஒழிந்த ஊசிக்குப் பயந்து அவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். இப்போது அரசு மருத்துவமனையில் போடுவது மேல்கையில், தோலுக்குள், கைக்கு 0.1 மில்லி. காசும் கிடையாது. இதை அவனிடம் சொல்லுங்கள்.

நான் பணியில் இருந்தபோது ஏழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். டம்ளரில் தண்ணீரைக் காட்டினால் நடுங்கினான். இரண்டு மாதத்துக்கு முன் தெருக்குட்டி கீறியது அவன் தங்கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்பா அடிப்பார் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. அந்த நிலைக்குப் போனபின் எங்களிடம் மருந்து இல்லை. எங்கேயும் இல்லை. வந்து சொல்லும் பிள்ளையை முதலில் அணைத்துக்கொள்ளுங்கள், உடனே குழாயடிக்குக் கூட்டிப் போங்கள்.

இரண்டு ஊசி போட்டாயிற்று. குட்டி நன்றாகத்தான் விளையாடுகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் குட்டியைக் கவனிக்க வேண்டும், அதற்குள் மூன்று ஊசி முடிந்துவிடும். பத்து நாளும் குட்டி நலமாக இருந்தால் நான்காவதைப் பற்றி மருத்துவர் சொல்வார். நாயைப் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு.

ஊசி போட்டால் அசைவம் கூடாதா?

ஒரு பத்தியமும் இல்லை.

குழந்தைக்கு ஒன்றரை வயது. அதே வாரம் வழக்கமான தடுப்பூசித் தேதியும் வருகிறது.

இரண்டையும் போடலாம், வேறு வேறு இடத்தில். இந்த வயதில் தசை ஊசி என்றால் தொடையில். புட்டத்தில் கூடவே கூடாது.

எலி கடித்தால்?

வீட்டு எலிக்குப் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவையில்லை. கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். காய்ச்சல் வந்தால் எலி கடித்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை வேறு, அதன் கீறலை நாய்க் கீறல் மாதிரியே நடத்த வேண்டும்.

போன வருடம் முழு ஊசியும் போட்டோம். இப்போது மறுபடி கடித்துவிட்டது.

கழுவுங்கள். இந்த முறை அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, அவ்வளவுதான், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். போன வருடத்து ஊசிச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.