பழைய ஐஎல்-2-வுக்குப் புது மேகம்: கேள்வி-பதில்

2001-ல் வந்த ஐஎல்-2 என்ற போர் விமான விளையாட்டு, 2006-ல் ‘1946’ தொகுப்பாகத் திரண்டது. இன்னும் ‘மோட்’ (ரசிகர்கள் செய்யும் மாற்றுத் தொகுப்பு) போட்டு அதன் வானத்தை நோண்டிக்கொண்டிருக்கிறோம். மேகம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கே: மேக மோட் போட்டேன். வேலை செய்யவில்லை. உடனே உதவவும்.

எந்த மோட்? எந்தப் பேட்ச் (விளையாட்டின் திருத்தப் பதிப்பு)? எந்த இடத்தில் நிற்கிறது? “உடம்பு சரியில்லை, மருந்து அனுப்புங்கள்” என்று எழுதினால் எந்த டாக்டரும் சீட்டு எழுத மாட்டார். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: 4.12-க்கான மேக மோடை 4.09-ல் போட்டேன். லோடிங் 70 விழுக்காட்டில் நின்று வெளியே தள்ளிவிடுகிறது.

தள்ளத்தான் செய்யும். இந்த விளையாட்டின் தர்க்கம் ஜாவாவில் எழுதியது. மேக மோட் வெறும் படங்களாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கூடவே கிளாஸ் ஃபைல்கள் (ஜாவா நிரல்) வந்திருந்தால் பேட்ச் எண் பொருந்தியே ஆக வேண்டும். லாக்.எல்எஸ்டி ஃபைலைத் திறந்து கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள், எந்தக் கிளாஸில் முட்டியது என்று பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மோட் ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு ‘-’ போட்டால் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொன்றாக அப்படி அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

மோட் போடுவதற்கு முன் விளையாட்டு ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கே: மேகங்கள் சதுரம் சதுரமாக வெள்ளைக் காகிதம் போலப் பறக்கின்றன.

மேகப் படமான டிஜிஏ ஃபைலை 24 பிட்டில் சேமித்திருக்கிறீர்கள், ஆல்ஃபா (எந்த இடம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்று சொல்லும் அடுக்கு) போய்விட்டது. 32 பிட், கம்ப்ரெஷன் இல்லாமல்.

கே: சதுரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மேகத்தைச் சுற்றியும் மெல்லிய கறுப்பு விளிம்பு. ஆல்ஃபா சரியாகத்தான் இருக்கிறது.

ஆல்ஃபா சரி, அதற்கு அடியில் இருக்கும் நிறம் சரியில்லை. கண்ணுக்குத் தெரியாத பகுதிதானே என்று கறுப்பாக விட்டிருப்பீர்கள். டெக்ஸ்சரை (விளையாட்டு ஒட்டிக் காட்டும் படத்தை) சுருக்கும்போதும் மிப்மேப் (தூரத்தில் காட்டச் செய்யும் சின்ன நகல்கள்) எடுக்கும்போதும் பக்கத்துப் பிக்சல்கள் கலக்கும், அந்தக் கறுப்பு விளிம்புக்குக் கசிந்துவிடும். படம் முழுவதையும் மூலைக்கு மூலை மேகத்தின் நிறத்தாலேயே நிரப்புங்கள். உருவத்தை ஆல்ஃபாவில் மட்டும் வையுங்கள்.

கே: தூரத்தில் 60 ஃபிரேம். மேகத்துக்குள் நுழைந்தால் 15. கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

கார்டை மாற்றுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். இங்கே மேகம் என்பது படம் ஒட்டிய, ஒளி ஊடுருவும் தட்டையான தட்டிகளின் கும்பல். தூரத்தில் ஒவ்வொரு தட்டியும் கட்டை விரல் அளவுதான். உள்ளே போய்விட்டால் நாற்பது தட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையை முழுசாக மூடும். 1920×1080 திரையில் 20 லட்சம் பிக்சல். நாற்பது தடவை என்றால் 8 கோடி. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் 500 கோடி கலவை. போதாததற்கு, தட்டிகளைப் பின்னாலிருந்து முன்னால் வரிசைப்படுத்தும் வேலை பிராசசரின் தலையில் விழுகிறது. இவ்வளவு பழைய விளையாட்டு உங்கள் எட்டு கோர்களையும் பயன்படுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். மோடில் அடர்த்தி குறைந்த பதிப்பு இருந்தால் அதைப் போடுங்கள். டெக்ஸ்சரில் நான்கு பக்கமும் வெற்றிடம் அதிகம் விட்டிருந்தால் நறுக்குங்கள், வெற்றிடத்தையும் கார்டு கலந்துதான் பார்க்கிறது. ஆன்டி-அலையாசிங்கை (விளிம்புகளை மழமழப்பாக்கும் அமைப்பு) ஒரு படி இறக்குங்கள்.

கே: நானே கேமராவில் எடுத்த அருமையான மேகப் படங்களை 4096 அளவில் வெட்டிப் போட்டிருக்கிறேன். படமாகப் பார்த்தால் அசத்தல், விளையாட்டில் பொம்மை போல இருக்கிறது. 8192 ஆக்கினால் சரியாகுமா?

ஆகாது. மாதத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறீர்கள், நானும் சளைக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புகைப்படத்தில் மேகம் மட்டும் இல்லை, அன்றைய சூரியனும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. நீங்கள் படம் எடுத்த நேரத்தில் வெயில் இடப்பக்கம் என்றால், அந்த மேகத்தின் இடக் கன்னம் என்றென்றைக்கும் பளபளக்கும். விளையாட்டில் சூரியன் வலப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும், மேகம் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. தட்டி எப்போதும் உங்கள் பக்கமே திரும்புவதால், நீங்கள் மேகத்தைச் சுற்றி வட்டமடித்தால் வெளிச்சமும் கூடவே வட்டமடிக்கும். பொம்மை போலத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது நிறம். நேரத்துக்கு ஏற்ற வெளிச்சத்தை விளையாட்டு டெக்ஸ்சரின் மேல் பெருக்கிக் காட்டுகிறது. வெள்ளையை மாலை ஆரஞ்சால் பெருக்கினால் ஆரஞ்சு வரும். புகைப்பட நிழலில் இருக்கும் நீலச் சாம்பலை அதே ஆரஞ்சால் பெருக்கினால் சேற்றுப் பழுப்பு வரும். இந்தத் தவற்றை நானும் செய்தவன்தான். என் முதல் மேகம் மதியப் பயணத்தில் (விளையாட்டில் ஒரு தடவை பறந்து முடிக்கும் பணியில்) பிரமாதமாக இருந்தது. அந்தி நேரப் பயணத்தில் வானம் முழுக்கச் சிவந்திருக்க, நடுவில் அது மட்டும் அழுக்குத் துணி மூட்டை போலத் தொங்கியது. இரண்டு வார வேலை. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

8192 பற்றி. பக்கத்துக்கு 1024 பிக்சல் உள்ள சதுரப் படம் 32 பிட்டில் 4 எம்பி. 4096 என்றால் 64. 8192 என்றால் 256, மிப்மேப்புக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு. 32 பிட் விளையாட்டுக்கு விண்டோஸ் சாதாரணமாகத் தரும் இடமே 2 ஜிபி. அதில் நான்கு மேகத்துக்கு ஒரு ஜிபியைத் தாரை வார்த்தால் விமானங்களை எங்கே நிறுத்துவது? மேகத்தில் கூர்மைப்படுத்த இலையும் இல்லை, செங்கல்லும் இல்லை. அது புகைமூட்டம். 512 போதும்.

செய்ய வேண்டியது: நிறத்தை அறவே எடுத்துவிடுங்கள். வெளிச்ச வித்தியாசத்தை அமுக்கி, படம் முழுவதும் 255-க்கு 200-க்கு மேல் இருக்கும்படி வையுங்கள். ஒரு பெரிய மேகத்தை வெட்டாதீர்கள். ஐந்தாறு சின்னக் குமிழ்களை மட்டும் வெட்டி, ஓரத்தை ஆல்ஃபாவில் கரையவிடுங்கள். திரள் மேகத்தை அண்ணாந்து பாருங்கள்: மேலே காலிஃபிளவர், அடியில் கத்தியால் சீவியதுபோலத் தட்டை. அந்தத் தட்டை அடி வந்துவிட்டால் பாதி நிஜம் வந்துவிடும். எந்தப் பிக்சலும் அதைத் தராது.

பழைய டெக்ஸ்சர்களின் நகல் இருக்கிறதுதானே?

கே: எல்லாப் பயணத்திலும் மேகம் ஒரே உயரத்தில் நிற்கிறது. மாற்றலாமா? பெல்ஜியம் பக்கத்து ஆர்டென் வரைபடத்தில் 1944 டிசம்பர் பயணம் ஒன்று செய்கிறேன்.

மோடே தேவையில்லை. பயண ஃபைலை நோட்பேடில் திறந்தால் ‘கிளவுட்ஹைட்’ என்ற வரி இருக்கும், மீட்டரில். திரள் மேகத்துக்கு எளிய கணக்கு உண்டு: தரை வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகத் திரளும் வெப்பநிலையை), இரண்டும் செல்சியஸில், கழித்து 125-ஆல் பெருக்குங்கள். 30-ம் 22-ம் என்றால் 1,000 மீட்டர். வறண்ட நாள், 35-ம் 15-ம் என்றால் 2,500.

ஆர்டெனுக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே நின்றது படை மேகமும் (தாழ்வாகப் பரந்து மூடும் மேக அடுக்கு) மூடுபனியும். டிசம்பர் 16-ல் ஜெர்மானியர் தாக்கியபோது நேச நாட்டு விமானங்களைப் பெரும்பாலும் தரையில் கட்டிப்போட்டது அந்த வானம்தான். 23-ம் தேதி வெளுத்தது. உங்கள் பயணம் 20-ம் தேதி என்றால் மேக வகையைச் சொல்லும் ‘கிளவுட்டைப்’ எண்ணைக் கூட்டி, உயரத்தை விளையாட்டு அனுமதிக்கும் அளவுக்கு இறக்குங்கள். 24 என்றால் திறந்துவிடுங்கள். 20-ம் தேதி நீல வானத்தில் அமெரிக்கத் தண்டர்போல்ட் போர் விமானங்களைப் பறக்கவிட்டு “வரலாற்றுப் பயணம்” என்று பெயர் வைக்காதீர்கள்.

கே: புது மேகம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் கணினி எதிரி என்னைக் கண்டுபிடித்துச் சுடுகிறான்.

நீங்கள் மாற்றியது படத்தை. அவன் படத்தைப் பார்ப்பதில்லை. டெக்ஸ்சரில் எவ்வளவு பஞ்சை அடைத்தாலும் அவன் கண் மறையாது.

கே: மலை உச்சியில் மேகம் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் முடிகிறது. சில நேரம் மினுக்கவும் செய்கிறது.

இரண்டும் வேறு வேறு. தட்டி மலைக்குள் புகும் இடத்தில் கோடு தெரியும். அதை மழுப்பப் புதிய விளையாட்டுகள் ஆழத்தைப் படித்து ஓரத்தைக் கரைக்கின்றன, டெக்ஸ்சர் மோடால் அது முடியாது. மினுக்கலுக்கு, விளையாட்டின் அமைப்பு ஃபைலான கான்ஃப்.ஐஎன்ஐ-யில் ‘டெப்த்பிட்ஸ்’ (ஆழத்தைக் கணக்கிடும் நுணுக்கம்) 16 என்று இருக்கிறதா பாருங்கள். 24 ஆக்குங்கள். அந்த ஃபைலுக்கும் ஒரு நகல். சலிக்காமல் சொல்வேன்.

கே: கான்ஃப்.ஐஎன்ஐ-யில் ‘டைப்கிளவுட்ஸ்’ 0 என்று இருக்கிறது. பரவாயில்லையா?

மூன்று மோட் போட்டும் மேகம் மாறவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதைக் கடைசி வரியில் கேட்கிறீர்களே. 1 ஆக்குங்கள்.

கே: மேக மோடோடு ஆன்லைனில் சேரலாமா?

செர்வர் ஃபைல்களைச் சரிபார்த்தால் உள்ளே விடாது. சுத்தமான நகல் ஒன்று தனி ஃபோல்டரில் இருந்தால் அதை வைத்துச் சேருங்கள்.