பழைய சிஸ்டத்தை எப்போது அணைப்பது?

"இறக்குமதி, ஏற்றுமதிக்கான அரசு மென்பொருளை உருவாக்கி அமலுக்குக் கொண்டுவரும் வேலையில் எது கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுங்கத்துறைக்கான ஒற்றைச் சாளரத் திட்டம் (எல்லாத் துறைகளுக்குமான ஆவணங்களை ஒரே இடத்தில் கொடுக்கும் ஏற்பாடு) ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்திருக்கிறேன். எந்த நாடு, எந்த அலுவலகம் என்பது வேண்டாமே.

கோடிங் கஷ்டமில்லை. பாதி வழியில் நிற்கும் சரக்குதான் கஷ்டம்.

சம்பளப் பட்டியல் மென்பொருள் என்றால் சனிக்கிழமை இரவு மூடி, திங்கள் காலை புதியதைத் திறந்துவிடலாம். இங்கே அப்படி முடியாது. நீங்கள் சிஸ்டத்தை மாற்றுகிற அன்று மூன்று வாரமாகக் கடலில் வந்துகொண்டிருக்கும் கப்பல் இருக்கும். வரி கட்டியாகிவிட்டது, தாவர நோய்த் தடுப்புத்துறை கையெழுத்து மட்டும் பாக்கி என்று நிற்கும் கன்டெய்னர் இருக்கும். வரி கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் சரக்கும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் எந்த சிஸ்டம் பொறுப்பு? எங்கள் டெண்டர் ஆவணத்தில் முந்நூறு பக்கம் இருந்தது, இந்தக் கேள்விக்கு ஒரு பத்திகூட இல்லை.

முடியாமல் நிற்கும் ஆவணங்களை எல்லாம் புதிய சிஸ்டத்துக்கு மைக்ரேட் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். நானும் தலையாட்டினேன். புதியது கோ-லைவ் ஆன (நிஜமாக இயங்கத் தொடங்கிய) இரண்டாம் நாள் இரவு, இறக்குமதியாளருக்காக சுங்க வேலை பார்க்கும் ஒரு சுங்க முகவர் கையில் பிரிண்ட்அவுட்டோடு வந்து நின்றார். உறைந்த மீன், ரீஃபர் (குளிரூட்டப்பட்ட) கன்டெய்னர். உணவுப் பாதுகாப்புத்துறை அனுமதி கொடுத்துவிட்டது, ஆனால் 'இந்த எண்ணில் ஆவணம் இல்லை' என்கிறது எங்கள் திரை. ஒரு மணி நேரம் தேடினோம். அவர் ஆவண எண் 0047213. மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த பூஜ்யங்களை விழுங்கி 47213 என்று வைத்திருந்தது. உணவுத்துறையின் சிஸ்டமோ பூஜ்யத்தோடு அனுப்புகிறது. டெஸ்டிங்கில் எப்படித் தப்பியது என்றால், டெஸ்ட் டேட்டாவை நாங்களே தயாரித்தோம். எல்லா எண்ணும் ஒன்றில் ஆரம்பிக்கும்.

"சார், உங்க சிஸ்டத்துக்குப் பூஜ்யம் தெரியாது. என் பார்ட்டிக்கு டெமரேஜ் நல்லாத் தெரியும்" என்றார் அவர். டெமரேஜ் என்றால் கன்டெய்னரைக் குறித்த நாளுக்குள் எடுக்காததற்குக் கட்டும் தாமதக் கட்டணம். பதில் சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

இதில் நாங்கள் முதல் ஆள் இல்லை. ஆஸ்திரேலியா தன் ஒருங்கிணைந்த சரக்கு சிஸ்டத்தில் ஏற்றுமதியை 2004ல் கொண்டுவந்தது. 2005 அக்டோபரில் இறக்குமதிக்கு மாறியபோது துறைமுகங்களில் கன்டெய்னர்கள் குவிந்துபோயின. பிரிட்டனின் பழைய சுங்க சிஸ்டமான சீஃப் (CHIEF) 1990களில் வந்தது. அதற்கு மாற்றான சிடிஎஸ் (CDS) தயாரான பிறகும் இரண்டையும் வருடக்கணக்கில் சேர்த்தே ஓட்டினார்கள். பழையதில் இறக்குமதியை 2022ல் நிறுத்தத் தொடங்கி, ஏற்றுமதியை 2024ல்தான் முடித்தார்கள். தாமதம் என்று பத்திரிகைகள் திட்டின. எனக்கென்னவோ அந்த மெதுவான வழிதான் சரியாகப் படுகிறது.

அடுத்த கட்டத் துறைமுகங்களுக்குப் போனபோது விதியை மாற்றினோம். பழையதில் மேனிஃபெஸ்ட் (கப்பலின் சரக்குப் பட்டியல்) பதிவான சரக்கு பழையதிலேயே முடியட்டும், குறித்த தேதிக்குப் பிறகு பதிவாகும் மேனிஃபெஸ்ட் மட்டும் புதியதில். அதிகாரிகள் சில மாதம் இரண்டு திரை பார்க்க வேண்டும், முணுமுணுப்பார்கள். ஒரே வேலைக்கு இரண்டு பராமரிப்புச் செலவா என்று நிதித்துறை கடிதம் எழுதும். எழுதட்டும்.

மற்றபடி, துறைகளுக்கு இடையிலான சண்டை எல்லோரும் சொல்வதுதான். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம் 2017ல் அமலுக்கு வந்தது, உறுப்பு நாடுகள் ஒற்றைச் சாளரம் அமைக்க முயல வேண்டும் என்கிறது. அதனால் கூட்டத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 'எடை' என்ற ஒரே கட்டத்துக்கு சுங்கம் ஒரு அர்த்தம் சொல்லும், மீன்வளத்துறை ஐஸ் நீக்கிய எடை என்னும். உலகச் சுங்க அமைப்பின் டேட்டா மாடலை (எந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்ற பொது வரையறையை) கையில் வைத்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை குறையும். சரக்கு வகைகளுக்கு உலகம் முழுக்கப் பொதுவான எண்ணான ஹெச்எஸ் கோடும் சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும் (கடைசியாக 2022), அதை நிரலுக்குள் எழுதிவைக்காமல் தேதியோடு அட்டவணையில் வையுங்கள்.

இன்னொன்று. முகவர்கள் நம் திரையில் உட்கார்ந்து டைப் அடிப்பதில்லை. அவர்களிடம் சொந்த மென்பொருள் இருக்கிறது, அதை எழுதித் தரும் சின்னச் சின்ன கம்பெனிகள் இருக்கின்றன. நாங்கள் அமைச்சர் கையால் திறப்புவிழா நடத்தத் தேதி குறித்தபோது, அந்தக் கம்பெனிகளுக்கு ஏபிஐ ஆவணம் (அவர்கள் மென்பொருளை நம் சிஸ்டத்தோடு இணைப்பது எப்படி என்ற குறிப்பு) போய் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதமாவது வேண்டும்.

எங்கள் பழைய சர்வரை அணைக்கப் பதினான்கு மாதம் ஆனது. கடைசியாக அதில் மிச்சமிருந்தது ஒரு பாண்டட் கிடங்கின் மூலையில் கிடந்த பதினோரு டிரம் பெயிண்ட்.